உன்னை எந்த ஊரில் வைப்பது

வீடு,
கோடையின் நடுவில்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்குக் குளிர்கிறது.

நம் ஊர்க் கோடை உனக்கு மறந்திருக்காது. தார்ச்சாலையில் செருப்பு ஒட்டிக்கொள்கிறது. குழாயைத் திறந்தால் முதலில் வெந்நீர்தான் வருகிறது. நடுப்பகலில் காக்கைகூட வாய் திறப்பதில்லை. இந்த வெயிலில் அம்மா ஜன்னல்களை இறுக்கச் சாத்திவிட்டு, உன்னுடைய பழைய கம்பளிச் சட்டையைப் போட்டு, அதற்கு மேல் போர்வையும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏனம்மா என்றால், 'அவன் ஊர்ல பனி கொட்டுதுடி' என்கிறாள்.

வடக்கே பனிமலையிலிருந்து நீ கடைசியாகப் பேசியபோது 'கம்பளி பத்தலம்மா' என்றாய். அந்த இடத்தில் தொடர்பு அறுந்தது. மலையில் அப்படி அறுவது வழக்கம்தான் என்று காத்திருந்தோம். செல்போன் டவர் ஏறிப் பழுது பார்க்கிறவனுக்கே சிக்னல் கிடைக்கவில்லை பார் என்று நான் கேலிகூடச் செய்தேன். ஒரு வாரம், ஒரு மாதம், இப்போது வருடமே திரும்பிவிட்டது. உன் கம்பெனியில் கேட்டால், வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்கிறார்கள். காவல் நிலையத்தில், 'மீசை முளைச்ச ஆம்பளை, தானா போனவன் தானா வருவான், வீட்டுக்குப் போங்கம்மா' என்றார்கள். உன் எண்ணை இப்போது ஒரு பெண் வைத்திருக்கிறாள். 'யாருங்க?' என்று பொறுமையாகக் கேட்கிறாள். நான் வைத்துவிடுகிறேன். நீ தங்கியிருந்த வீட்டுக்காரரின் முகவரிக்கு நான் அனுப்பிய கடிதம் எதுவும் திரும்பி வரவில்லை. யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். அந்த யாரோ நீதான் என்று நினைத்துக்கொண்டு இதையும் எழுதுகிறேன்.

அம்மா உன்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்டதே இல்லை, நினைவிருக்கிறதா? 'அங்க வானம் எப்படி இருக்கு' என்றுதான் தொடங்குவாள். நீ வெயில் என்றால் நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று அர்த்தம். மழை என்றால் தலை துவட்டினாயா என்று ஆரம்பித்துவிடுவாள். இப்போது நீ பேசுவதில்லை. ஆனால் உன் ஊர் வானம் தினமும் பேசுகிறது. தொலைக்காட்சியில் வானிலை சொல்கிற பெண் வரைபடத்தின் மேல் கையை வீசிக்கொண்டு போகும்போது, உன் ஊர் அவள் முழங்கைக்குப் பின்னால் மறைந்துவிடும். அம்மா எட்டி எட்டிப் பார்ப்பாள், கண்ணாடிக்குள் தலையை விட்டால் தெரியும் என்பதுபோல.

போன வாரம் சமையலறையில் மயங்கி விழுந்தாள். மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த நர்ஸ் ஓடிவந்து கம்பளியைக் கழற்றி, தண்ணீர் தெளித்து, நாடியைப் பிடித்துவிட்டுக் கத்தினார். 'உங்க பையன் குளிர்ல இருக்கான்னா நீங்க எதுக்கும்மா உலையில உக்காந்திருக்கீங்க? இன்னொரு தடவை இப்படி விழுந்தா என்னால எழுப்ப முடியாது.' அம்மா கண்ணைக்கூடத் திறக்காமல், 'உனக்கு ஒண்ணு பொறக்கட்டும், அப்புறம் பேசு' என்றாள்.

நான் அப்போது அவள் கையைப் பிடித்திருந்தேன். என் முதுகில் வியர்வை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. மயக்கத்தில் அப்படி ஆவது உண்டு என்று நர்ஸ் சொன்னார். அது ஐஸ்கட்டியைத் துணி இல்லாமல் பிடித்த கைக் குளிர், அண்ணா. எதற்கு உனக்கு இதைச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

இனி நான் செய்த காரியம். எங்கள் அச்சகத்தில் இந்த மாதம் பள்ளிக்கூடப் புவியியல் புத்தகம் ஓடுகிறது. எனக்குப் பிழை திருத்த வந்த மெய்ப்பு, ஒரே நாட்டுக்குள் ஊருக்கு ஊர் ஏன் வானிலையும் காலநிலையும் மாறுகின்றன என்கிற பாடம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள். எங்கள் தலைமைத் திருத்துநர், நாங்கள் காற்புள்ளி சார் என்று கூப்பிடுகிறவர், கண்ணாடியைத் தூக்காமலே சொன்னார்: 'இன்னைக்கு வீட்டுல சண்டையா இல்லையாங்கறது வானிலை. நாம எந்தக் குடும்பத்துல போய்ப் பொண்ணு எடுத்திருக்கோம்கறது காலநிலை.' எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன். நிலம் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும். கடலுக்கு இரண்டுமே மெதுவாகத்தான் நடக்கும். அதனால் கரையோர ஊர்களில் கொடுங்குளிரும் இல்லை, கொடுங்கோடையும் இல்லை என்று இருந்தது. ஓர் எழுத்துப் பிழை கிடையாது. ஆனாலும் அந்த வரியை விட்டு என் பேனா நகரவில்லை.

அன்று மாலை அம்மாவிடம், அச்சக முகவரிக்கு உன் கடிதம் வந்தது என்று சொன்னேன். மலை வேலை முடிந்து கடற்கரை ஊருக்கு மாறிவிட்டாய், அங்கே போர்வைகூட வேண்டாத காற்று என்று சொன்னேன். கடிதத்தைக் காட்டு என்று கேட்பாள் என்று பயந்திருந்தேன். கேட்கவில்லை. கேட்காததுதான் அதைவிடப் பயமாக இருந்தது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். கம்பளியை மடித்து உள்ளே வைத்தாள்.

ஆகவே, நீ இப்போது கடற்கரையில் இருக்கிறாய். உண்மையில் எங்கே இருந்தாலும் ஒரு வரி எழுது. ஊர்ப்பெயர் மட்டும் போதும். மீதியை நான் புத்தகத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

வீடு,
காற்று திசை மாறிய பிறகு

அன்பு அண்ணாவுக்கு,

பதில் வரவில்லை. பரவாயில்லை. கோபம் இல்லாமல்தான் எழுதுகிறேன்.

கடற்கரையில் அம்மா நன்றாக இருந்தாள். நீ என்று எழுத வேண்டிய இடத்தில் அம்மா என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், அதுதான் சரி. வேளைக்குச் சாப்பிட்டாள். சாயங்காலம் வாசலில் நின்று, 'இந்நேரம் அவனுக்குக் கடல்காத்து அடிக்கும்' என்பாள். எனக்குப் பாடம் நடத்தவும் தொடங்கிவிட்டாள். பகலில் கடலிலிருந்து நிலத்துக்கும், பொழுது போனதும் நிலத்திலிருந்து கடலுக்கும் காற்று போகுமாம். நான் திருத்திய பக்கத்தை எனக்கே ஒப்பித்தாள். மேல்மாடி நர்ஸ், 'உங்கம்மா இந்த வேகத்துல போனா வானிலை வாசிக்கிற பொண்ணுக்கு வேலை போயிடும்' என்றார்.

ஆனால் நான் அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டேன் அண்ணா. கடல் எதைக் கொடுக்கும் என்பது வரை படித்தேன். எதை எடுத்துக்கொள்ளும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தின் மெய்ப்பு என் மேசைக்கு வரவில்லை, வேறொருவருக்குப் போயிருந்தது. ஒரு நாட்டையே பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுத்துத் திருத்துகிற எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இப்படி ஒரு தவறு வரும்.

புயல் எச்சரிக்கை வந்த அன்று நம் ஊரில் ஒரு மேகம் கிடையாது. அலுவலகம் விட்டு வந்தபோது கூடம் முழுக்கப் பாத்திரங்கள். அண்டா, குண்டான், தேநீர்க் கோப்பைகூட விடவில்லை. நம் கூரை ஒழுகாது என்று உனக்குத் தெரியும். 'அவன் ரூம் ஒழுகுது' என்றாள். கதவுக்கு அடியில் பழந்துணி திணித்திருந்தாள். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, உலர்ந்த தரையில் தண்ணீரில் நடப்பதுபோல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள்.

வானொலியில் அந்தக் கரையைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு முட்டியது. உண்மையாகவே முட்டியது. உதடு நீலம் பூத்தது. அந்த வேளையில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. 'அம்மா, அவன் அங்கே இல்லை, நேத்தே கிளம்பிட்டான்' என்றேன். எங்கே என்றாள்.

நாடு எவ்வளவு பெரியது, அண்ணா! அந்த நிமிடத்தில் உன்னைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடம் முழுக்க ஓடினேன். வடக்குச் சமவெளி என்றேன். 'ஐயோ, கடல் எட்டாத ஊரு. வெயில்னா கொளுத்தும், குளிர்னா நடுக்கும். ரெண்டுத்துக்கும் நடுவுல ஒண்ணும் இருக்காது' என்றாள். மேற்கு மலைத்தொடருக்கு இந்தப் பக்கம் என்று மாற்றினேன். மேகமெல்லாம் அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு வெறுங்கையோடுதான் இந்தப் பக்கம் இறங்கும், குடிக்கத் தண்ணீருக்கு என்ன செய்வான் என்றாள். அப்படியானால் அந்தப் பக்கம் என்றேன். மழை விடாது, மலைச்சரிவு, வீட்டோடு போய்விடும் என்றாள். எல்லா ஊரையும் அவள் எனக்கு முன்பே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். உன்னைப் பத்திரமாக வைக்க இந்த நாட்டில் ஓர் ஊர் இல்லை.

கடைசியில் நம் ஊர் என்று சொல்லிவிட்டேன். நீ இங்கே வந்துவிட்டாய் என்று. இதே நகரத்தில்தான் எங்கோ இருக்கிறாய், நமக்கு என்ன வெயிலோ அதுதான் உனக்கும் என்று.

அம்மாவின் மூச்சு மெல்ல இறங்கியது. பிறகு கேட்டாள், 'வந்தவன் ஏன் வீட்டுக்கு வரல?'

வெட்கமாக இருக்கிறதாம், கொஞ்ச நாள் போகட்டும் என்கிறான் என்றேன். வெட்கம் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அது நான் தேடி எடுத்த சொல் இல்லை. நீ சொல்லி நான் கேட்டதுபோல வந்தது.

மறுநாள் பாத்திரங்களை எடுத்து அடுக்கினேன். எல்லாம் உலர்ந்து கிடந்தன. குண்டானின் அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம். அம்மா கழுவி வைத்த ஈரம்தான். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பா என்று சொல்ல முடியவில்லை. என் விரலும் வியர்த்திருந்தது.

அந்தக் கரையில் நீ உண்மையாகவே இருந்திருந்தால்? நான் உன்னை அங்கே அனுப்பியது இந்த வீட்டில் சொன்ன ஒரு பொய்யில்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் காணாமல் போனவர்கள் பட்டியலைச் செய்தித்தாளில் வரி வரியாகப் படித்தேன். மெய்ப்புப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு எழுத்தாக. உன் பெயர் இல்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

தங்கை

*

வீடு,
மழை பிடித்துக்கொண்ட நாட்களில்

அண்ணாவுக்கு,

இது கொஞ்சம் நீளமாகப் போகலாம். பொறுமையாகப் படி.

நீ நம் ஊருக்கு வந்ததிலிருந்து அம்மா நம் ஊர் வானத்தின் கீழ் வாழ்கிறாள். வெயிலுக்கு விசிறிக்கொள்கிறாள், காற்றுக்குக் கதவைத் திறக்கிறாள். நர்ஸ் நாடியைப் பார்த்துவிட்டு, 'இப்பத்தான் மனுஷி மாதிரி இருக்கீங்க' என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பிறகு வாசல்கதவைத் தாழிடுவதை நிறுத்தினாள். கேட்டால், 'தட்டிக் கூப்பிட வெட்கப்படுவான்டி' என்றாள். தெருவில் யார் நடந்தாலும் செருப்புச் சத்தத்தை வைத்தே அவன் இல்லை, இவன் இல்லை என்று தள்ளினாள். நானும் பேருந்தில் ஜன்னலோரம் உட்காருவதை விட்டுவிட்டேன். உட்கார்ந்தால் எல்லா முதுகுகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் என் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி, ஒருவர் பின்னால் இரண்டு தெரு நடந்தேன். கழுத்தைச் சொறியும் விதம் அப்படியே நீ. அவர் திரும்பி, 'என்னம்மா வேணும்?' என்றார். வழி கேட்பதுபோல் என் அலுவலகத்துக்கே வழி கேட்டேன்.

என் பொய்தான். ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் அதுவும் குடியிருப்பவர்களில் ஒருவராகிவிடுகிறது. சாப்பாடு எடுத்து வைக்கும்போது நானே மூன்று தட்டை எடுக்கிறேன். மூன்றாவதைத் திருப்பி வைப்பதில்லை. அம்மாவும் வை என்றோ எடு என்றோ சொல்வதில்லை.

மழை தொடங்கிய வாரத்தில் அம்மா உன்னைப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிற கடைக்குப் பக்கத்து முக்கில், வர்ணமடிக்கிற ஆட்கள் கூலிக்குக் காத்து நிற்பார்களே, அங்கே. மெலிந்துவிட்டாயாம். தாடி வைத்திருக்கிறாயாம். 'கூப்பிட்டியா' என்றேன். 'கூப்பிட்டா ஓடிடுவான். நீதானே சொன்ன, வெட்கமா இருக்காம்னு. அவனா வரட்டும்' என்றாள்.

அன்றிலிருந்து நான் அலுவலகம் கிளம்பியதும் அவளும் கிளம்பிவிடுகிறாள். எதிர்ப்புறத்தில் மூடிக் கிடக்கும் தையல்கடை வாசலில் நிற்கிறாள். மழை நாளில் சுவருக்கு வர்ணமடிக்க யார் கூப்பிடுவார்கள்? மற்ற ஆட்கள் டீக்கடைக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த ஒருவர் மட்டும் நனைந்துகொண்டு நிற்கிறாராம். அம்மாவும் நனைகிறாள். கையில் குடை இருக்கிறது, விரிப்பதில்லை. அந்தத் தெருவில் காய்கறி வாங்கப் போன நர்ஸ் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். அம்மாவைக் கேட்டேன். 'அவன் நனையறப்போ எனக்கு என்னடி குடை?' என்றாள்.

இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டது. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தோம். நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாத்திரைக்குக் கேட்கும், ஆனால் இப்படியே நனைந்தால் இந்த மழைக்காலத்தைத் தாண்ட மாட்டார் என்றார். அவர் கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். மெதுவாகச் சொன்னார்.

நேற்று மதிய இடைவேளையில் நான் போனேன். தெரு முழுக்க மழை சாம்பல் நிறமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தையல்கடை வாசலில் அம்மா. எதிரில் அவர். காலடியில் வர்ண வாளி, அதில் மழைத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் பக்கம் முதுகு.

நான் அருகில் போகவில்லை, அண்ணா. படித்த பெண், கண்ணெதிரில் இருபது தப்படியில் உண்மை நிற்கிறது, போய்ப் பார்க்காமல் வந்துவிட்டேன். போனால் அது நீயாக இருக்கலாம். நீயாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டியிருக்கும். நீயாக இல்லாவிட்டால், அம்மாவிடம் சொல்ல என்னிடம் இன்னோர் ஊர் இல்லை.

பின்பக்கமாகச் சுற்றிக் கடிகாரக்கடைக்குள் நுழைந்து, சங்கிலி மாற்ற வந்தவள்போல் விசாரித்தேன். கடைக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகியபடியே, 'ஏணின்னு கூப்பிடுவாங்க. எவ்வளவு உசரமானாலும் கயிறு இல்லாம ஏறுவாரு' என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். 'கேட்டா சிரிப்பாரு. சொல்ல மாட்டாரு. மழையில ஏன்யா நிக்கறன்னு ஒரு நாள் கேட்டேன். எதிர்ல ஒரு அம்மா நிக்கறாங்க, அவங்க போனதும் போறேன்னாரு' என்றார்.

அந்தப் பதிலோடு அலுவலகத்துக்குத் திரும்பி, மாலை வரை ஒரே பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதம் மலைக்குப் போகவில்லை. கடிகாரக்கடைக்காரரிடம் கொடுக்கப் போகிறேன். அவர் உன் கையில் சேர்ப்பார்.

நீ என் அண்ணன் என்றால், தெருவைக் கடந்து வா. ஒன்றும் கேட்க மாட்டேன். எங்கே போனாய் என்று நானும் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்கவிட மாட்டேன். கதவு தாழிட்டிருக்காது.

என் அண்ணன் இல்லையென்றால், ஐயா, முன்பின் தெரியாதவரின் வீட்டுக் கதையை இவ்வளவு தூரம் படிக்க வைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் யாரென்று எனக்குச் சொல்ல வேண்டாம். அம்மாவிடமும் சொல்ல வேண்டாம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மழை வந்தால் அந்தக் கடைக்குள் ஒதுங்கி நில்லுங்கள். துண்டால் தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள், அவள் பார்க்கும்படி. நீங்கள் நனையாமல் இருந்தால் எதிரில் ஒருத்தி பிழைத்துக்கொள்வாள்.

எங்கே இருந்தாலும் உங்களுக்கு ஒரு குறையும் வராது. இது அம்மாவின் வாக்கு. நான் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

வணக்கத்துடன்,
எதிரில் நிற்கும் அம்மாவின் மகள்